டெக்சாஸ் ஆசிரியர் சான்றிதழ்: தாள்களை அனுப்பணுமா?

கேள்வி: டெக்சாஸில் வகுப்பாசிரியையாக இருக்கிறேன். ஐந்தாண்டுச் சான்றிதழ் வரும் மார்ச்சில் முடிகிறது. அதைப் புதுப்பிக்க, பயிற்சிச் சான்றுகளை எங்கே அனுப்புவது?

பதில்: எங்கும் அனுப்ப வேண்டாம் சகோதரி, உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும். 150 மணி நேரப் பயிற்சியை முடித்ததாக இணையத்தில் நீங்களே உறுதி அளிக்கிறீர்கள்; தணிக்கையில் உங்கள் பெயர் வந்தால்தான் தாள்களைக் கேட்பார்கள். சிக்கல் வருவது அங்கேதான். தேதியும் மணிக்கணக்கும் இல்லாத சான்றை வைத்துக்கொண்டு வாதாட முடியாது. கல்லூரிப் பாடம் படித்திருந்தால் ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி, அதாவது மூன்று கிரெடிட் பாடம் ஒன்றிலேயே 45 மணி சேர்ந்துவிடும். பள்ளி முதல்வர் சான்றிதழும் இருந்தால் 200 மணி தேவை.

காலாவதி நாள், பிறந்த மாதத்தின் கடைசி நாள். ஆறு மாதம் முன்பே மாநிலக் கல்வி முகமையின் ‘டீல்’ (TEAL) இணையக் கணக்கில் விண்ணப்பிக்கலாம். தாமதித்தால் கட்டணம் கூடும். பள்ளி நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.