வழக்கறிஞர் கையில் செயற்கை நுண்ணறிவு

கேள்வி: என் வழக்கறிஞர் மனுக்களைத் தயாரிக்க சாட்ஜிபிடியைப் பயன்படுத்துவதாகச் சொல்கிறார். நான் நம்பிக் கொடுத்த ஆவணங்கள் வெளியே போய்விடாதா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே. பொதுச் செயலி ஒன்றில் பதிவேற்றப்படும் ஆவணம் வேறொரு நிறுவனத்தின் கணினியில் சேமிக்கப்படுவதோடு, கணக்கின் அமைப்பைப் பொறுத்து அச்செயலிக்குப் பயிற்சி அளிக்கவும் பயன்படக்கூடும். இதனால்தான் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், 2024 ஜூலையில் வெளியிட்ட 512ஆம் எண் கருத்துரையில், உள்ளிடும் தகவல்களிலிருந்து கற்றுக்கொள்ளும் கருவிகளில் கட்சிக்காரரின் ரகசியங்களை இடுவதற்கு முன் அவருக்கு விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்றது. கட்சிக்காரருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் பொத்தாம்பொதுவாக ஒரு வரி சேர்ப்பது போதாது என்றும் கூறியது. இது எனக்கு மிகச் சரியாகவே படுகிறது.

பிழைகளும் உண்டு. 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், செயலி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. கருவியைப் பயன்படுத்தியதற்காக அல்ல. சரிபார்க்காமல் தாக்கல் செய்ததோடு, ஐயம் எழுந்த பின்னரும் அவற்றைக் கைவிடாததற்காக.

எந்தச் செயலி, எவ்வகைக் கணக்கு, பெயர்களும் அடையாளங்களும் நீக்கப்படுகின்றனவா என்று அவரிடம் தயங்காமல் கேளுங்கள். வழக்கைப் பற்றி நீங்களே செயலியிடம் ஆலோசனை கேட்பதையும் தவிர்ப்பது நல்லது. வழக்கறிஞருடனான உரையாடலுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு அதற்கும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.