வளர்த்தது நாம்தானே, அந்த 5 லட்சத்தை எடுக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். 2021 கொரோனாவில் என் கொழுந்தனாரும் ஓரகத்தியும் இறந்துவிட்டார்கள். அவர்கள் மகள் எங்கள் இரண்டு பையன்களோடு வளர்கிறாள். வரும் தையில் 18 முடிகிறது. அரசு போட்ட 5 லட்சம் வட்டியோடு வருமாம். 'வளர்த்தது நாம்தானே, சொசைட்டியில் இருக்கும் நகையை மீட்டுவிடுவோம்' என்கிறார் கணவர். கொழுந்தனார் பங்கு 6 மா நிலத்தையும் நாங்கள்தான் சாகுபடி செய்கிறோம். பணத்தை எடுக்கலாமா?

பதில்: கூடாது. அது அவள் பணம்.

அதற்காக உங்கள் கணவரைக் குறை சொல்லவில்லை. நெல் விற்ற காசில் மூன்றாவதாக ஒரு பிள்ளையையும் படிக்க வைப்பது லேசான காரியமா? ஆனால் கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகத் தமிழக அரசு 2021 மே மாதம் வெளியிட்ட அறிவிப்பிலேயே இரண்டும் தனித்தனி. 5 லட்சம் பிள்ளைக்கு. உறவினர் வீட்டில் வளர்ந்தால் 18 வயது வரை பராமரிப்புக்கு மாதம் 3,000 ரூபாய். இந்த 3,000 பற்றி நீங்கள் எழுதவே இல்லை. வராமல் இருந்தால் திருவாரூரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உடனே மனு கொடுங்கள். தை பிறக்க அதிக நாள் இல்லை.

இதே பிள்ளைகளுக்கான மத்திய அரசின் பிஎம் கேர்ஸ் திட்டத்திலும் பதிந்திருந்தால், அதில் கிடைக்கும் 10 லட்சம் 23 வயதில்தான் கைக்கு வரும். அதுவரை மாத உதவித்தொகை உண்டு.

5 லட்சத்தைவிட எனக்கு நிலம்தான் கவலை. 6 மா என்றால் 2 ஏக்கர். டிபிசியில் (அரசு நெல் கொள்முதல் நிலையத்தில்) நெல் போடும்போது பணம் யார் கணக்கில் விழுகிறது? உங்கள் கணவர் கணக்கில்தானே! ஊரில் என்ன குத்தகை நடக்கிறதோ, அதை ஒவ்வொரு அறுவடைக்கும் அவள் வங்கிக் கணக்கில் போடுங்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவில் அவள் பெயரை ஏற்றுங்கள். நீதிமன்ற அனுமதி இல்லாமல் மைனர் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. 18 முடிந்ததும், பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் விடுதலைப் பத்திரத்தோடு சொந்தக்காரர்கள் வரலாம். பெரியப்பா சொன்னாலும் சரி, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

5 லட்சம் வந்ததும் அவள் பெயரில் மட்டும் கணக்கு. ஒரு வருடச் செலவுக்கானதை எடுத்து வைத்துவிட்டு மீதியை வைப்புநிதியில் போடட்டும். பட்டப்படிப்பு, விடுதிச் செலவை அரசு ஏற்கும் என்று அதே அறிவிப்பில் இருக்கிறது. கல்லூரியில் சேரும்போது விடாமல் கேளுங்கள்.

நகைக்கு வருவோம். தள்ளுபடி வரும் என்று காத்திருக்க வேண்டாம். சம்பா அறுத்ததும் வட்டியைக் கட்டித் திருப்பி வையுங்கள். முடியவில்லையா, ஒரு நகையை விற்று மற்றதை மீளுங்கள்.

அப்புறம், கணவருக்கு 50 வயது ஆகவில்லை என்றால் வங்கியில் ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டும் 2 லட்சம் ஆயுள் காப்பீட்டில் இந்த வாரமே சேர்த்துவிடுங்கள். இப்போது அந்த வீட்டில் மூன்று பிள்ளைகளும் அவர் சம்பாத்தியத்தை நம்பித்தான் இருக்கிறார்கள்.