கோபத்துக்கு ஒரு கோரஸ்

(இரண்டு வாரம் முன்பு, ஃப்ளீட்வுட் மாக் என்ற ராக் குழுவின் ‘கோ யுவர் ஓன் வே’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. ஸ்பீக்கர் சந்தேகம் கேட்டவர்கள் அடுத்த வாரம்வரை பொறுத்துக்கொள்ளவும்.)

பிரிந்துபோன காதலியைத் திட்டி எழுதிய பாட்டு அது என்கிறான் என் மகன். அந்தப் பெண்ணே அதில் கோரஸ் பாடியிருக்கிறாராம். கதை விடுகிறானா?
*திருநெல்வேலி வாசகி*

பையன் சொல்வது நிஜம்தான் அம்மா. எழுதியவர் கிட்டார்காரர் லிண்ட்ஸி பக்கிங்ஹாம். யாரை நினைத்து எழுதினாரோ அவர் ஸ்டீவி நிக்ஸ், அதே குழுவின் பாடகி. கலிஃபோர்னியாவில் பள்ளிக்கூட நாட்களிலேயே பழக்கம். 1974 கடைசியில் இருவரும் ஜோடியாகத்தான் ஃப்ளீட்வுட் மாக்கில் சேர்ந்தார்கள். 1976 தொடக்கத்தில் ‘ரூமர்ஸ்’ ஆல்பத்துக்காக சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் சாசலிட்டோ ஊரில் இருந்த ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோவுக்குப் போனபோது ஜோடி உடைந்திருந்தது. இவர்கள் மட்டுமா? பியானோ வாசித்த கிறிஸ்டின் மெக்வியும் பேஸ் கிட்டார் ஜான் மெக்வியும் கணவன் மனைவி, அவர்களும் பிரிந்துகொண்டிருந்தார்கள். டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட்டின் வீட்டிலும் அதே கதை. ஐந்து பேர், மூன்று முறிவு, ஒரு ஸ்டுடியோ. ராத்திரி ஆனால் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று தனித்தனி ஜாகை.

கிளம்பிப் போவதும் கண்டவர்களோடு தங்குவதும்தான் உனக்கு வேலை என்கிற பொருளில் பாட்டில் ஒரு வரி வரும். அது பொய், எடுத்துவிடு என்று நிக்ஸ் கேட்டிருக்கிறார். பக்கிங்ஹாம் எடுக்கவில்லை. மேடையில் அந்த வரி வரும்போதெல்லாம் கொலைவெறி வந்தது என்று பின்னாளில் பேட்டி கொடுத்தார் நிக்ஸ். அப்படியும் பல்லவிக்கு வந்து குரல் கொடுத்துவிட்டுத்தான் போனார். நம் வீடுகளில் சம்பந்திச் சண்டை முற்றியிருந்தாலும் பந்தியில் வந்து பரிமாறுகிறவர்கள் உண்டே, அந்த மாதிரி.

என்னைக் கேட்டால் அந்த வரியை எடுத்திருக்கலாம். பாட்டு ஒன்றும் குறைந்திருக்காது.

பத்து வருடம் மிருதங்கம் வாசித்த கை இது. அந்தப் பாட்டின் தொடக்கத்தில் தாளம் போட முடியவில்லை. வயதாகிவிட்டதா எனக்கு?
*கும்பகோணம் வாசகர்*

வயதின் மேல் பழி போடாதீர்கள். எடுப்பு எது, அதாவது தாளத்தில் பாட்டு எங்கே தொடங்குகிறது, என்று காட்டாமலே கிட்டார் ஆரம்பித்துவிடுகிறது. சமம் இங்கேதான் என்று நீங்கள் தொடையில் தட்டத் தொடங்கும்போது டிரம்ஸ் வந்து, இங்கே இல்லை ஐயா, அங்கே என்கிறது. நேர் நாலாகக் கால் ஊன்றுவது பல்லவியில்தான்.

இதில் பாதி திட்டம், பாதி விபத்து. ரோலிங் ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸின் ஒரு பழைய நடை பக்கிங்ஹாமின் மனதில் இருந்தது. டிஷ்யூ பேப்பர் டப்பா மாதிரி எதையோ தட்டி அதைக் காட்டினார் என்பது ஃப்ளீட்வுட்டின் ஞாபகம். அவருக்குக் கடைசிவரை அது பிடிபடவில்லை. தனக்கு வந்ததை டாம்-டாம்களின் மேல் உருட்டினார். நீங்கள் கேட்பது அதைத்தான். சொல்லிக்கொடுத்தது அப்படியே வந்திருந்தால் பாட்டு இவ்வளவு நொண்டியிருக்காது. இவ்வளவு நன்றாகவும் இருந்திருக்காது. ஒரு பக்கம் இழுத்து இழுத்து நடக்கிற அந்தத் தாளம்தான் எனக்குக் கோபமாகக் கேட்கிறது, வரிகள் அல்ல.

‘டேப் தேயத் தேய உழைத்த ஆல்பம்’ என்று எழுதியிருந்தீர்கள். சும்மா அலங்காரத்துக்கா?
*சேலம் வாசகர்*

அலங்காரமே இல்லை. அந்தக் காலத்து மாஸ்டர் டேப் இரண்டு அங்குல அகலம், அதில் 24 ட்ராக். பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்ஸைடு, அதாவது ஏறக்குறைய துரு, பூசியிருக்கும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அது மெஷினின் ஹெட்டில், அதாவது டேப்பைப் படிக்கிற முனையில், உரசும். உரச உரச உதிரும். உயர்ந்த அலைவரிசைகள் பூச்சின் மேல்தோலில் இருப்பதால் முதலில் போவது அவைதான்: சிம்பல் தட்டின் சிலிர்ப்பு, ஸ்னேர் டிரம்மின் சுள்ளென்ற அடி.

நான் கோடம்பாக்கத்தில் உதவியாளனாகச் சேர்ந்த புதிதில் என் வேலையே ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைப்பதுதான். ஒரு நாள் ஒரே இடத்தை நாற்பது ஐம்பது தடவை ஓட்டினோம். துடைத்துப் பார்த்தால் பஞ்சு காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. “இன்னைக்கு அழுக்கு ஜாஸ்திண்ணே” என்றேன். இன்ஜினியர் அண்ணன் பஞ்சை வாங்கிப் பார்த்துவிட்டு, “அழுக்கு இல்லடா, வயலின்” என்றார்.

‘ரூமர்ஸ்’ மாஸ்டரை மாதக்கணக்கில் ஓட்டினார்கள். பாதி வழியில் டிரம்ஸ் கம்பளி போர்த்தியதுபோல் கேட்கத் தொடங்கியது. நல்ல வேளையாக, அடிப்படை ட்ராக்குகளைப் பதியும்போதே இரண்டு மெஷின்களில் ஒரே நேரத்தில் ஓடவிட்டிருந்தார்கள். இரண்டாவது டேப் ஓட்டப்படாமல் பத்திரமாகக் கிடந்தது. ஆனால் பிறகு சேர்த்த குரல், கிட்டார் எல்லாம் தேய்ந்த டேப்பில். அவற்றை இதற்கு மாற்ற வேண்டும். இரண்டு மெஷினும் அச்சாக ஒரே வேகத்தில் ஓடாதே. ஒருவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு காதில் பழைய டேப்பின் ஸ்னேரும் ஹைஹாட் என்கிற ஜோடித் தட்டும், மறு காதில் புதியதின் அதே சத்தம். இரண்டும் சேர்ந்தால் அடி மண்டைக்கு நடுவில் விழும். விலகினால் ஒரு காதுப் பக்கம் சாயும். சாயச் சாய வேகத் திருகை மயிரிழை திருப்பிச் சேர்த்தபடியே, பாட்டுக்குப் பாட்டு, முழுக்கக் கொண்டுபோனார். இதைச் செய்தவருக்கு என் பங்கு ராயல்டியைக் கொடுப்பேன், இருந்திருந்தால்.

‘கோ யுவர் ஓன் வே’ முடிவில் வெறி பிடித்ததுபோல் ஒரு கிட்டார் வருமே, அதுகூட ஒரே மூச்சில் வாசித்தது அல்ல. பல டேக் வாசிக்கவைத்து, தயாரிப்பாளர் கென் கலே நல்ல துண்டுகளாகப் பொறுக்கிக் கோத்தது. ஆத்திரத்தைக்கூட ஒட்டுப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். தேய்ந்த டேப் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது நிக்ஸ்தான். இரும்புத்தூள் உதிருமளவுக்கு அந்தப் பாட்டு அவர் காதிலும் ஓடியிருக்குமே.

அந்தப் பெண் பதிலுக்கு ஒன்றும் எழுதவில்லையா?
*மதுரை வாசகி*

எழுதாமலா? அதே கட்டடத்தில் பாடகர் ஸ்லை ஸ்டோனுக்காகக் கட்டிய ஓர் அறை சும்மா கிடந்தது. கறுப்பு வெல்வெட் கட்டிலெல்லாம் உண்டு. கீபோர்டோடு அங்கே போய் உட்கார்ந்து, பத்தே நிமிடத்தில் ‘ட்ரீம்ஸ்’ எழுதியதாகச் சொல்வார். கிட்டத்தட்ட முழுப் பாட்டும் இரண்டே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற இரண்டே சுரக்கொத்து. சலிப்புத் தட்டியிருக்க வேண்டிய பாட்டு. அதே கார்டுகளை மூன்று பகுதிகளாக வேறு வேறு நிறத்தில் கேட்கும்படி இழைத்துக் கொடுத்தது யார் தெரியுமா? பக்கிங்ஹாம். தன்னைப் பற்றிய பாட்டுக்கு!

‘கோ யுவர் ஓன் வே’ அமெரிக்கப் பட்டியலில் 10ஆம் இடம்வரை போனது. ‘ட்ரீம்ஸ்’ 1977 ஜூனில் முதலிடம். நிக்ஸின் இன்னொரு பாட்டான ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ நீளம் அதிகம் என்று ஆல்பத்திலிருந்து தள்ளப்பட்டு, ‘கோ யுவர் ஓன் வே’ ரெக்கார்டின் பின்பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதுவும் இந்தப் பிரிவைப் பற்றியதுதான். ஆக, அந்தச் சின்னத் தட்டில் முன்பக்கம் அவர் கட்சி, பின்பக்கம் இவர் கட்சி. 1997இல் குழு மறுபடி சேர்ந்து நடத்திய கச்சேரியில் நிக்ஸ் ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ பாட்டைப் பக்கிங்ஹாமின் முகத்தைப் பார்த்தே பாடும் வீடியோ இருக்கிறது. பாருங்கள். தனியாகப் பார்ப்பது நல்லது.

எனக்கும் போன வருடம் ஒரு முறிவு. பாட்டு எழுதி, செல்போனில் பதிந்து, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தேறுமா?
*கோவை வாசகர் (பெயர் வேண்டாமாம்)*

கேட்டேன். பல்லவி நன்றாக இருக்கிறது தம்பி, கிட்டாரில் மூன்றாவது தந்தி சுருதி இறங்கியிருக்கிறது. இரண்டாவது சரணத்தில் அந்தப் பெண்ணின் பெயரும் அவர் வேலை பார்க்கும் கடையின் தெருவும் வருகிறது. உங்கள் பெயர் மட்டும் வேண்டாம், அவர் பெயர் வரலாமா? அந்த நாலு வரியை மாற்றிவிட்டு மறுபடி அனுப்புங்கள். ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும்.