38 "ஓம்" வச்சு மென்வலு அளக்க ஏலுமோ?

கேள்வி: நான் முல்லைத்தீவு, பல்கலைக்கழகத்தில கடைசி வருஷம். இந்திய வீட்டுத்திட்டத்தால வன்னிச் சனத்திட்ட இந்தியாவின்ர மென்வலு கூடிச்சோ எண்டு ஆய்வு செய்யிறன். 40 வீட்டுக்கு வினாக்கொத்து குடுத்தன். "இந்தியாவைப் பற்றி நல்ல எண்ணம் இருக்கோ" எண்டதுக்கு 38 வீட்டில "ஓம்" எண்டு வந்திருக்கு. சுப்பவைசர் பாத்திட்டு "இதில ஒண்டும் இல்லை" எண்டிட்டார். திரும்ப என்ன மாதிரிச் செய்யிறது? சீனாவையும் சேத்து ஒப்பிடச் சொல்லி சினேகிதி ஒராள் சொல்லுறா, சேக்கட்டோ?

பதில்:

தங்கச்சி, சுப்பவைசரோட கோவிக்காதீங்கோ, அவர் சொன்னது சரிதான், கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். அந்த 38 "ஓம்"உம் தேத்தண்ணி தந்த கையோட வந்த ஓம். படிக்கிற பிள்ளை ஒண்டு வெயிலுக்குள்ள பேப்பரோட வந்து நிக்குது, அதிட்டப் போய் வீடு தந்தவையைப் பற்றி ஆரும் குறை சொல்லுவினமோ? 2011-ல நானும் ஒரு நிறுவனத்துக்காக, தற்காலிகக் கொட்டில் குடுத்த ஊருகளில "திருப்தியோ, திருப்தி இல்லையோ" எண்டு கேட்டுத் திரிஞ்சனான், எல்லாரும் திருப்தி, அறிக்கையும் வடிவா வந்தது, ஆனா கடைசி வீட்டில ஃபைலை மூடிப்போட்டு எழும்பேக்க அந்த அம்மா மெல்லமாக் கேட்டா, "தம்பி, அப்ப அடுத்த லிஸ்ட்டில என்ர பேர் வருமோ?" அண்டைக்குத்தான் விளங்கினது, நான் அவ்வளவு நாளும் சேத்தது முழுக்க வீடு கேக்கிற விண்ணப்பம் எண்டு.

வினாக்கொத்தைத் திருத்த முதல் தலைப்பைத் திருத்துங்கோ. பொதுசன இராஜதந்திரம், மென்வலு எண்டு ரண்டு விசயம் அதில கலந்து கிடக்கு. பொதுசன இராஜதந்திரம் எண்ட சொல்லை இண்டைக்குப் பாவிக்கிற கருத்தில கொண்டுவந்தவர் எட்மண்ட் கலியன், 1965-ல, அமெரிக்காவின்ர டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து ஃபிளெச்சர் கல்லூரியில டீனா இருக்கேக்க. ஒரு நாடு மற்ற நாட்டு மந்திரியோட கதைக்காம அந்த நாட்டுச் சனத்திட்டயே நேர வாறது, வானொலி, புலமைப்பரிசில், பரதநாட்டியம், வீடு, கிணறு எல்லாம் இதுக்குள்ள வரும். மென்வலு ஜோசப் நை 1990-ல குடுத்த சொல். வெருட்டாம, காசைக் காட்டாம, தன்ர பக்கம் விருப்பத்தால இழுக்கிறது. இப்ப யோசிச்சுப் பாருங்கோ, காசைக் காட்டாம எண்டு சொல்லிப்போட்டு ஐஞ்சரை லட்ச ரூபா வீட்டை எதுக்குள்ள போடுறது? வீடு, பொதுசன இராஜதந்திர வேலைத்திட்டம். அந்த வீட்டைப் பாக்கேக்க மனசில வாற மதிப்பும் நம்பிக்கையும்தான் மென்வலு, அது வந்தாலும் வரும், வராமலும் போகும். நீங்கள் விதைச்ச நெல்லை எண்ணிப்போட்டு விளைச்சல் எண்டு எழுதிறீங்கள்.

தூதரக அறிக்கையளும் அப்பிடித்தான், இத்தனை வீடு, இத்தனை ரக்டர், இத்தனை சைக்கிள். போருக்குப் பிறகு வடக்குக்கு இந்தியா 500 ரக்டரும் 10,000 சைக்கிளும் குடுத்தது உண்மை. ஆனா சைக்கிள் எண்ணிக்கையில இருந்து சைக்கிள் ஓடுற ஆளின்ர மனசுக்குப் போறதுக்கு ஒரு பாலம் வேணும், அந்தப் பாலம்தான் உங்கட ஆய்வு.

நான் எண்டா முதல் கேள்வியை இப்பிடி வைப்பன்: சனம் இந்த வீட்டை ஆர் தந்ததாப் பாக்குது? லேசான கேள்வி மாதிரித்தான் தெரியும், ஆனா முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற பெண் பிள்ளையளிட்டக் கேளுங்கோ, "ஹலோவில வேலை" எண்டுதான் சொல்லுவினம். ஹலோ ட்ரஸ்ட் பிரித்தானிய நிறுவனம், அதுக்குக் காசு குடுத்த நாடுகளில ஜப்பானும் அமெரிக்காவும் இருக்கு, சம்பளத்தில அந்த நாடுகளின்ர பங்கு இருந்தாலும் வாயில வாற பேர் ஹலோதான். ஓமந்தையில இருந்து வடக்க போட்ட ரெயில்பாதையும் அப்பிடி, இந்தியக் கொம்பனி போட்டது, ஆனா அது கடன், வீடு மாதிரி அன்பளிப்பு இல்ல. 2013 செப்டெம்பரில கிளிநொச்சிக்கு ரெயின் வரேக்க பாக்கப் போன சனத்தில எத்தனை பேர் அந்த வித்தியாசத்தை நினைச்சிருப்பினம்?

வீட்டுத்திட்டம் 2010 யூனில 50,000 வீடு எண்டு அறிவிச்சது. 1,000 வீடு பரீட்சார்த்தமாக் கட்டினவை, பேந்து 2012 ஒக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில, வடக்கு கிழக்குக்கான பெரிய கட்டம் தொடங்கினது. அதில வீட்டுக்காரரே நிண்டு கட்டோணும், 550,000 ரூபா கட்டம் கட்டமா வங்கிக் கணக்குக்கு வரும், திருத்தவேலை எண்டா 250,000. நடுவில யூஎன் ஹபிடாட், செஞ்சிலுவைச் சங்கம், தேசிய வீடமைப்பு அதிகார சபை மாதிரி நிறுவனங்கள். அதுக்குக் கீழ பிரதேச செயலகம், ஜிஎஸ் எண்ட கிராம சேவகர், ஆருக்கு வீடு எண்டு புள்ளி போடுற லிஸ்ட், வங்கி மனேச்சர், மேசன். டெல்லியில இருந்து ஒட்டுசுட்டானுக்கு வாறதுக்குள்ள அந்த வீடு எத்தனை கை மாறுது பாருங்கோ. ஒவ்வொரு கையும் நன்றியில கொஞ்சம் எடுக்கும், கோவத்திலயும் கொஞ்சம் எடுக்கும். புள்ளி காணாம வீடு தவறின மனிசி இந்தியாவைத் திட்டுறேல்ல, ஜிஎஸ்ஸைத்தான் திட்டுறவ.

அதால ஆம் இல்லைக் கேள்வியை விடுங்கோ. "இந்த வீடு எப்பிடிக் கிடைச்சது, முதல் நாளில இருந்து சொல்லுங்கோ" எண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கோ. தறப்பாள் கொட்டில் வரும், மழை வரும், லிஸ்ட் வரும், மணல் பெர்மிட் வரும், சீமெந்து விலை ஏறினது வரும், தாலிக்கொடி அடகு வச்சது வரும். நீங்கள் நோட்டில குறிக்க வேண்டியது, இந்தியா எண்ட சொல் அந்தக் கதையில எங்க வந்தது, நீங்கள் கேக்காமலே வந்ததோ, எந்தச் சம்பவத்தோட ஒட்டிக்கொண்டு வந்தது. 20 நிமிஷக் கதையில ஒருக்காலும் வரேல்லையெண்டா அதுவும் தரவுதான், உங்கட பழைய 38 "ஓம்"ஐ விடப் பெறுமதியான தரவு.

அடகு எண்டு சொன்னன். அதை லேசா விடாதீங்கோ. ஐஞ்சரை லட்சம் காணாமப் போய், அத்திவாரத்தைப் பெரிசாப் போட்டிட்டு நகை, லீசிங், மைக்ரோ பினான்ஸ் எண்டு இறங்கினவை வன்னியில கனபேர். அந்தக் குடும்பத்துக்கு வீடெண்டா நன்றியும் கடனும் சேர்ந்த ஒரு சாமான். ஒரே வாயால ரண்டும் வரும், "அவங்கள் தராட்டி இண்டைக்கும் கொட்டில்தான்" எண்டு சொல்லி முடியமுதல் "அந்த வீட்டாலதான் இந்தக் கடன்" எண்டும் சொல்லுவினம். இதில எது உண்மை எண்டு தேடாதீங்கோ, ரண்டையும் எழுதுங்கோ.

இனி ஒப்பீடு. உங்கட 40 வீடும் இந்திய வீடு எண்டா எதோட ஒப்பிடப் போறீங்கள்? வன்னியில எங்களுக்கு வாய்ச்ச ஒரு வசதி, பக்கத்துப் பக்கத்து ஊரில, சிலவேளை ஒரே ஊரில, வேற வேற காசில கட்டின வீடுகள் நிக்குது, சுவிஸ், ஐரோப்பிய ஒன்றியம், அவுஸ்திரேலியா. அதில கொஞ்சம் எடுங்கோ, ஒண்டும் கிடைக்காதவையையும் எடுங்கோ. சுவிஸ் வீட்டுக்காரரும் இந்தியாவைப் பற்றி அதே மாதிரி நல்லாக் கதைச்சா, அந்த நல்லெண்ணம் வீட்டால வந்ததில்லை எண்டு தெரிஞ்சிடும். என்ர ஊகம் அப்பிடித்தான் வரும் எண்டு. எங்கட சனத்துக்கு இந்தியா எண்டா முதல்ல தமிழ்நாடு, படம், பாட்டு, கோயில், மண்டபம் அகதி முகாமில இருந்த மாமா, சென்னைக்கு வைத்தியத்துக்குப் போன சித்தி. இதொண்டும் ஒரு அரசாங்கமும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, மென்வலுவில பெரும் பங்கு அரசாங்கத்தின்ர கைக்கு வெளியில சமூகத்தால விளையுது எண்டு நையே சொல்லியிருக்கிறார். அதே இந்தியா எண்ட சொல்லுக்குள்ள 1987-ல இருந்து 1990 வரை இந்திய அமைதிப்படை இங்க நிண்ட காலமும் கிடக்கு. அதால வயதைக் கட்டாயம் குறியுங்கோ, 60 வயது ஐயாவும் 22 வயதுப் பொடியனும் ஒரே நாட்டைப் பற்றிக் கதைக்கேல்ல.

உங்கட ஆய்வை நல்ல ஆய்வாக்கப் போறது இதுதான், கவனமாக் கேளுங்கோ. மென்வலுவுக்கு நை மூண்டு ஊற்று சொல்லுறார்: பண்பாடு, அரசியல் விழுமியம், வெளிநாட்டுக் கொள்கை. மூண்டாவது எங்கட கரையில இரவில வந்து நிக்குது, இந்தியாவில இருந்து வாற இழுவைப்படகு. வலையை அறுத்துக்கொண்டு போனவங்களும் இந்தியா, வீடு தந்ததும் இந்தியா. இலங்கையில இழுவைமடித் தொழிலை 2017-ல சட்டம் போட்டுத் தடைசெய்தாச்சு, ஆனாலும் பிரச்சினை முடியேல்ல. அப்ப, கரையில ஒரு ஊர், உள்ள வயல் செய்யிற ஒரு ஊர், ரண்டிலயும் இந்திய வீடு இருக்க வேணும். வீடு ஒண்டு, கொள்கை படுற விதம் வேற. தலைப்பையும் இப்பிடி மாத்தலாம்: அன்பளிப்பும் கொள்கையும் முட்டுப்படேக்க சனம் எதை வச்சு நாட்டை மதிக்குது? இதை வாசிக்க எனக்கே ஆசையாக் கிடக்கு. ஒரு எச்சரிக்கை, கொக்கிளாய், நாயாறுப் பக்கம் ஊர் எடுக்காதீங்கோ, அங்க தென்பகுதி மீனவரோட இருக்கிற பிணக்கும் சேர்ந்து வரும், எந்தக் கோவம் ஆரில எண்டு பிரிக்க ஏலாமப் போகும்.

விருப்பத்தைக் கேக்காம நடத்தையைக் கேளுங்கோ. பிள்ளைக்கு வெளிநாட்டுப் படிப்பு கிடைச்சா எங்க அனுப்புவீங்கள், வருத்தம் வந்தா எங்க போவீங்கள், யாழ்ப்பாணத்தில இந்தியத் துணைத்தூதரகம் இருக்கிறது தெரியுமோ, ஒரு பிரச்சினைக்கு அங்க மனுக் குடுப்பீங்களோ. விசாக்கு மட்டும் போவம், மனுவுக்குப் போகமாட்டம் எண்டு சொன்னா அதுக்குள்ளயே ஒரு அத்தியாயம் இருக்கு.

நம்பிக்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டி வரும், அதுக்கு வெளிநாட்டு உதாரணம் தேடாதீங்கோ. போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில பற்றரி இல்லாம, சைக்கிளைக் கவிட்டு வச்சு ஒராள் பெடல் மிதிக்க, டைனமோவில ரேடியோ பாட, முற்றத்தில சனம் கூடி நிண்டு பிபிசி தமிழோசை கேட்டது உங்கட அம்மம்மாவுக்கு ஞாபகம் இருக்கும். பிபிசி உலக சேவைக்கு அந்தக் காலம் காசு குடுத்தது பிரித்தானிய வெளிவிவகார அமைச்சு, 2014 வரைக்கும் அப்பிடித்தான். சனத்துக்கு அது தெரியாமலும் இல்லை, பிரிட்டன் எங்களுக்கு என்ன செய்தது எண்டு ஏசிக்கொண்டே செய்திக்கு மட்டும் அதைத்தான் நம்பினவை, ஒரு பக்கம் மட்டும் சொல்லாது எண்ட நினைப்பில. நாட்டில கோவம், வானொலியில நம்பிக்கை, ரண்டும் ஒரே முற்றத்தில இருந்தது. எதிர்ப்பக்கமும் நடக்கும், யூஎன் எழுத்துப் போட்ட தறப்பாளுக்குக் கீழ படுத்த சனம், 2008 செப்டெம்பரில ஐநா வாகனங்கள் கிளிநொச்சியை விட்டு ஓமந்தைப் பக்கம் வெளிக்கிட்டதையும் பாத்த சனம். சின்னம் போடுறவை இதை யோசிக்கிறது குறைவு, தறப்பாளில இருக்கிற அதே எழுத்துத்தான் போற வாகனத்திலயும் இருக்கும்.

சீனா வேண்டாம். 2021 டிசம்பரில சீனத் தூதுவர் வேட்டியோட நல்லூருக்குப் போனது படத்துக்கு வடிவு, தீவுப்பகுதி மின்சாரத் திட்டம் சீனாவிட்ட இருந்து இந்தியாவிட்டப் போனதும் நல்ல கதைதான், ஆனா ரண்டும் யாழ்ப்பாணப் பக்கத்துக் கதை. உங்கட ஊரில ஒப்பிடச் சமனான ஒரு திட்டம் இல்லாம சேத்தா பத்திரிகைக் கட்டுரையா முடியும்.

களவேலைக்கு: ஜிஎஸ்ஸுக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ, ஆனா அவரைக் கூட்டிக்கொண்டு போகாதீங்கோ. திணைக்களக் கடிதம் பையில இருக்கட்டும், வெளிநாட்டைப் பற்றிக் கேள்வி கேட்டுத் திரியிற பிள்ளை ஆரெண்டு விசாரிக்க ஆக்கள் வரக்கூடும். வாசலிலயே "இது உதவிக்குப் பதியிறது இல்லை, என்ர படிப்புக்கு" எண்டு சொல்லுங்கோ, திரும்பவும் ஒருக்காச் சொல்லுங்கோ, நம்பமாட்டினம். பேர் எழுதாதீங்கோ, இலக்கம் காணும். சுவரில பலகை, ஸ்டிக்கர் ஏதும் இருந்தா கேட்டிட்டுப் படம் எடுங்கோ, அதுக்கு மேல கலண்டர் தொங்குதோ எண்டும் பாருங்கோ. கரை ஊருக்குப் போற கிழமை வலை அறுந்த செய்தி வந்ததோ எண்டு திகதியோட குறிச்சு வையுங்கோ. ஊருக்கு 15 வீடு, ஒப்பிட இன்னும் கொஞ்சம், இளங்கலைக்கு அது தாராளம், ஆனா முடிவுரையில "வன்னி மக்கள்" எண்டு எழுதிப்போடாதீங்கோ, "இந்த ரண்டு ஊர்" எண்டே எழுதுங்கோ.

பழைய 40 வினாக்கொத்தையும் எறியாதீங்கோ. அந்த வீடுகளில மூண்டு நாலுக்குப் பேப்பர் இல்லாமத் திரும்பப் போய் முதல் நாளில இருந்து கதை கேளுங்கோ, அண்டைக்கு "ஓம்" சொன்ன அதே ஆள் இண்டைக்கு என்ன சொல்லுறார் எண்டு பக்கத்தில பக்கத்தில போட்டுச் சுப்பவைசரிட்டக் காட்டுங்கோ. மற்றது, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் வேலையை முடிச்சிடுங்கோ, அந்தக் கிழமை ஒரு வீட்டிலயும் ஆள் பிடிக்க ஏலாது.