ரோபோவுக்குக் கோபம் வேண்டாம்

கோத்தகிரியில் எடுக்கும் குறும்படத்தில் ராணுவ ரோபோ ஊராரைச் சுடக் காரணம் பிடிபடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதற்குத் திடீரென்று வெறுப்பு வந்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள்; பார்த்துச் சலித்த கதை அது. 1987இல் வந்த 'ரோபோகாப்' படத்தில், ஒரு காவல் ரோபோவின் செயல்விளக்கத்துக்கு நின்ற ஊழியர் துப்பாக்கியைக் கீழே போட்ட பிறகும் அந்த இயந்திரம் அவரைச் சுடுகிறது. கோபமே இல்லை, அவர் ஆயுதத்தை விட்டது அதற்குத் தெரியவில்லை. எனக்கு இன்றும் அதுதான் பயம். உங்களிடம் மூடுபனி இருக்கிறதே! கவாத்துக் கத்தியோடு தேயிலைச் சரிவில் நிற்கும் அம்மாவை உங்கள் ரோபோ எதிரியாகக் கணிக்கட்டும். வெப்பக் கேமரா உடல் சூட்டைக் காட்டும், வேலைக்கு வந்தவர் என்பதைக் காட்டாது. தடுக்க வேண்டிய அதிகாரியின் ரேடியோ இணைப்பு மலை மறைவில் அறுந்துபோகட்டும். பிறகு விசாரணைக் காட்சி ஒன்று கட்டாயம் வையுங்கள்: அனுப்பியவர், விற்றவர், நிரல் எழுதியவர் மூவரும் ஒருவரையொருவர் கைகாட்ட வேண்டும்.