மழைச் சத்தம் போட்டால்தான் தூக்கம் வருகிறது, நிறுத்திவிடட்டுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. ஆறு மாதத்துக்கு முன் மெயின் ரோட்டை ஒட்டிய வீட்டுக்குக் குடிவந்தோம். அதிலிருந்து போனில் மழைச் சத்தம் போட்டு, இயர்போன் மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன், விடியும்வரை ஓடும். "காது போயிடும், அப்புறம் இது இல்லாம தூக்கமே வராது" என்கிறார் கணவர். நிறுத்திவிடட்டுமா டாக்டர்?

பதில்: இயர்போனை இன்றைக்கே கழற்றி வைத்துவிடுங்கள். மழைச் சத்தம் இருக்கட்டும்.

நாம் தூங்கினாலும் காதுக்கு வரும் ஒலியை மூளை கவனித்துக்கொண்டேதான் இருக்கிறது. பழகின சத்தத்தைப் பொருட்படுத்தாது, திடீரென்று மாறுகிற சத்தம்தான் எழுப்பிவிடும். கடகடவென்று ஓடுகிற ஃபேனுக்குக் கீழே அசந்து தூங்குகிறவர், கரண்ட் போய் அது நின்றதும் புழுக்கம் தெரிவதற்கு முன்பே விழித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நிசப்தமான அறையில் லாரி ஹாரன் தூக்கிவாரிப் போடும், சீரான மழைச் சத்தம் பின்னால் இருந்தால் அந்த வித்தியாசம் குறைந்து போகிறது. மெதுவான இசைக்கும் பலன் உண்டு, மனம் நாளைய கவலையை விட்டு அதன் பின்னால் போகிறது, மூச்சு நிதானமாகிறது. இசை கேட்ட தூக்கமின்மைக்காரர்கள் தங்கள் தூக்கம் மேம்பட்டதாக உணர்ந்தார்கள் என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசிப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு 2022-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது.

இயர்போனை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இரவெல்லாம் அடைத்து வைத்த காதில் வியர்வை தங்கும், அழுக்கு உள்ளே தள்ளப்படும், புண்ணும் கிருமித்தொற்றும் வரும். போனையோ சின்ன ஸ்பீக்கரையோ தலைமாட்டில் வைக்காமல் அறையின் மறுகோடியில் வையுங்கள். சத்தம் மெல்லியதாக இருக்க வேண்டும், படுக்கையறையில் தொடர்ந்து கேட்கும் இரைச்சலுக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு 30 டெசிபல், அது கிசுகிசுப்பாகப் பேசுகிற அளவுதான். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் மழையும் இரைச்சல்தான். பொதுவாக அரை மணியில் தானாக நிற்கும்படி டைமர் போடச் சொல்வேன், ஆனால் நடுராத்திரியிலும் வண்டி ஓடுகிற ரோடு என்றால் குறைந்த சத்தத்தில் விடியும்வரை ஓடினாலும் பரவாயில்லை.

பழக்கமாகுமா என்றால், கொஞ்சம் ஆகும். வெளியூர் போனால் ஓரிரு இரவு புரண்டு படுப்பீர்கள், தூக்க மாத்திரைக்குப் பழகுவது போன்ற சிக்கல் இதில் இல்லை.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. அமைதியான வீட்டில் படுத்தால் தூக்கம் வருகிறதா? அங்கேயும் வாரத்தில் மூன்று நாளாவது தூக்கம் வராமல், அது மூன்று மாதமாகத் தொடர்ந்தால் ரோட்டைக் குறை சொல்ல முடியாது, டாக்டரைப் பாருங்கள், மாத்திரைக்கு முன்பே செய்யக்கூடிய, தூங்கும் பழக்கங்களையும் தூக்கத்தைப் பற்றிய எண்ணங்களையும் மாற்றுகிற நடத்தைச் சிகிச்சை இருக்கிறது. காதுக்குள் ஒரு ரீங்காரம் கேட்கிறது, அதை மறைக்கத்தான் மழைச் சத்தம் என்றால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.