யார்டு டீசல் பம்பைத் தானியங்கி ஆக்கும் முன்

கேள்வி: நாமக்கல் அருகே 45 லாரிகள் வைத்துத் தொழில் நடத்துகிறோம். யார்டில் 20,000 லிட்டர் நிலத்தடித் தொட்டியும் ஒரு பம்பும் உண்டு. மாதம் ஏறத்தாழ 60,000 லிட்டர் பிடிக்கிறோம்; கணக்கில் 300 லிட்டர் வரை துண்டு விழுகிறது. டேக் (வண்டியை அடையாளம் காட்டும் மின்னணு வில்லை) பொருத்திய வண்டிக்கு மட்டும் டீசல் பாயும் தானியங்கி முறையை நிறுவ நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: விலைப்புள்ளி கேட்பதற்கு முன், பம்பின் மீட்டரைச் சோதித்துவிடுங்கள். சில்லறை பங்க்குகளில் 5 லிட்டருக்கு 25 மி.லி. வரையிலான பிழை அனுமதிக்கப்படுகிறது, அதாவது 0.5 விழுக்காடு. உங்கள் 60,000 லிட்டருக்கு அந்தக் கணக்கைப் போட்டால் வருவதும் 300 லிட்டர்தான். மீட்டர் காட்டுவதைவிடச் சற்று அதிகமாக ஊற்றுகிறது என்றால், திருட்டே இல்லாமல் இந்தத் துண்டு விழும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியை மாட்டினாலும் அதே மீட்டர் அனுப்பும் மின் துடிப்பைத்தான் அதுவும் எண்ணும்.

அடுத்தது தொட்டி. 2 மீட்டர் விட்டமுள்ள படுக்கைத் தொட்டி என்று வைத்துக்கொண்டால், நடுமட்டத்தில் டிப் ஸ்டிக்கின் (தொட்டிக்குள் விட்டு மட்டம் பார்க்கும் அளவுகோல்) 1 செ.மீ. என்பது சுமார் 127 லிட்டர். டேங்கர் வந்து இறக்கிய உடனேயே டிப் பார்ப்பதும், சாய்ந்திருக்கும் தொட்டிக்கு, மட்டத்தை லிட்டராக மாற்றும் பொதுவான அட்டவணையைப் பயன்படுத்துவதும் இந்த அளவு பிழையை எளிதில் உண்டாக்கும். வெப்பமும் ஒரு பங்கு வகிக்கிறது: வெயிலில் வந்த 12,000 லிட்டர் டீசல் நிலத்தடியில் 5 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 50 லிட்டர் சுருங்கிவிடும். ஆகவே தொட்டியின் மட்டத்தோடு வெப்பநிலையையும் அடியில் தேங்கும் நீரையும் அளக்கும் மட்டமானியைத் திட்டத்தில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். பணம் போதவில்லை என்று பலர் கடைசியில் வெட்டிவிடுவது இதைத்தான்.

வண்டியை அடையாளம் காட்டுவதற்கு ஓட்டுநர் கையில் தரும் அட்டையை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அட்டை கைமாறும். டீசல் டேங்க்கின் கழுத்தில் பொருத்தி, கழற்றினால் செயலிழக்கும் டேக்கும், நாசிலில் அதைப் படிக்கும் கருவியும் இருந்தால், நாசிலை வெளியே எடுத்துக் கேனில் பிடிக்க முயன்ற கணமே வால்வு மூடிக்கொள்ளும். இரட்டை டேங்க் வண்டிகளுக்கு இரண்டு கழுத்திலும் தனித்தனி டேக் வேண்டும். இரண்டையும் ஒரே வண்டி எண்ணோடு இணைக்க வேண்டும். கிலோமீட்டரை ஓட்டுநர் தட்டச்சு செய்யும் வசதி மைலேஜ் கணக்கைக் கெடுக்கும். ஜிபிஎஸ்ஸிலிருந்து அது தானாக வரட்டும். ஆனால் யார்டை விட்டு வெளியேறிய பிறகு வழியில் டேங்க்கிலிருந்து உறிஞ்சப்படும் டீசலை இந்த அமைப்பு தடுக்காது. அதற்கு வண்டி டேங்க்கில் தனி உணரி தேவை.

உரிமத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,500 லிட்டருக்குள், எந்தக் கலமும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் டீசல் வைத்திருப்போருக்கே 1934ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டத்தில் விலக்கு உண்டு. உங்கள் தொட்டிக்குப் பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) உரிமம் கட்டாயம். நாசில், பம்பு, தொட்டிவாய் ஆகியவற்றை ஒட்டி வரும் மின்கருவிகள் தீப்பொறி பரவாத வகையாகச் சான்று பெற்றவையா என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சாதாரணக் கதவு அட்டைப்படிப்பானை அங்கே மாட்டிச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள், அது ஆபத்து.

இணையம் அறுந்தாலும் வண்டிப் பட்டியலைத் தன்னுள் வைத்து இயங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியையே வாங்குங்கள். நள்ளிரவில் டேக் பழுதானால் திறப்பதற்கு ஒரு பைபாஸ் சாவி இருந்தே ஆக வேண்டும். அந்தச் சாவி யாரிடம் இருக்கும், எடுத்தால் யாருக்குக் குறுஞ்செய்தி போகும், எந்தப் பதிவேட்டில் கையெழுத்து என்பதை நிறுவும் நாளுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு, முதல் 10 வண்டிகளுக்கு மட்டும் டேக் பொருத்தி, கையால் எழுதும் பழைய டிரிப் ஷீட்டையும் (பயணக் கணக்குத் தாள்) நிறுத்தாமல், ஒரு மாதம் இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மற்ற 35 வண்டிகளுக்கான டேக்குகளை அதன்பின் வாங்கலாம்.